டவர் காட்டுவது இடமா, திசையா?

‘டவர் காட்டிவிட்டது, அவன் அங்கேதான் இருந்தான்’ என்று சிலர் அடித்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் கோணம் பார்த்து, தொலைவிலுள்ள இடத்தைக் கணக்கிட்டார். டவர் செய்வதும் அதே முக்கோணக் கணக்குத்தான். (செயற்கைக்கோள் வழி இடமறிவது வேறு கதை.) டவரில் வரிசையாக உள்ள ஆண்டெனாக்களைக் கைபேசியின் அலை சற்றே முன்பின்னாக வந்தடையும். அந்த வேறுபாட்டிலிருந்து அலை வந்த கோணம் கிடைக்கும். இரு டவர்களின் கோடுகள் வெட்டுமிடத்தில் கைபேசி!

ஆனால் லாம்டன் குறியைக் கண்ணால் கண்டார். நம் திருப்பூர்க் காதர்பேட்டைச் சந்துகளிலோ, சுவரில் பட்டுத் திரும்பிய அலையே டவரை எட்டலாம். அப்போது கிடைப்பது சுவரின் திசை. 5 பாகை பிழைத்தால், 2 கிலோமீட்டர் தொலைவில் 175 மீட்டர் தள்ளிப் போகும். அதற்குள் எத்தனை பனியன் கம்பெனிகள்! கோணம் அளக்காத டவருக்கோ, பெரும்பாலும் 120 பாகை அகலமான பகுதி மட்டுமே தெரியும்.

காணாமற்போன குழந்தையை எங்கே தேடத் தொடங்குவது என்று அறிய இது பேருதவி. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல இது மட்டும் போதாது. பிழை எத்தனை பாகை என்று முதலில் கேட்க வேண்டும்.