நிறுத்தம் எங்கே?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

எங்கள் தெருவைக் கடந்துதான் நாள்தோறும் பேருந்து போகிறது. ஆனால் நிற்பதில்லை.

மயிலாடும்பாறையை அடுத்து, வருசநாட்டு மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது எங்கள் காலனி. நிறுத்தமோ ஊருக்குள், டீக்கடைக்கு எதிரே. இடையில் முக்கால் கிலோமீட்டர். இலவங்காய் உடைக்கும் வேலைக்குப் போகும் என் தாயார் இருட்டோடு எழுந்து அந்தத் தூரத்தை நடக்கிறார். அவர் ஏறிய பேருந்து, இரண்டே நிமிடத்தில் அவர் புறப்பட்டு வந்த வீட்டு வாசலையே கடந்து செல்கிறது! வேடிக்கையான காட்சிதான்; நடப்பவருக்கு மட்டும் வேடிக்கையாக இல்லை.

ஒரு நாள் நடத்துநரிடம் கேட்டேன். "தம்பி, நிப்பாட்ட எனக்கும் ஆசைதான். லிஸ்ட்ல இல்லாத எடத்துல நிப்பாட்டுனா செக்கிங் வர்றவரு எங்களைத்தான் கேப்பாரு" என்றார். நல்ல மனிதர். என் தாயாரை 'அக்கா' என்றுதான் அழைப்பார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பட்டியலை எழுதியபோது எங்களை யார் கேட்டார்கள் என்பதே என் கேள்வி.

ஒரு காலத்தில் நம் மாநிலத்திலேயே தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுத்தார்கள். வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே நடந்தது இது. சென்னைப் பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் அவருடையது என்று தெரியும்? பின்னர் 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பொது வண்டியில் ஏறவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1976-இல் அதுவே குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது.

ஆக, படிக்கட்டில் இருந்த தடை சட்டப்படி போய்விட்டது. மனத்திலிருந்து போயிற்றா? 1997-இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள்; தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்து நீக்க நேர்ந்தது. எங்கள் மலையைத் தாண்டினால் அந்த மாவட்டந்தான்.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்து ரோசா பார்க்ஸ் அம்மையாரை நாம் அறிவோம். 1955 டிசம்பர் முதல் நாள் இருக்கையை விட்டு எழ மறுத்தவர். ஆனால் அதற்கு ஓராண்டுக்கும் முன்பே, 1954 மே மாதத்தில், ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை அந்நகர மேயருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இருக்கையைப் பற்றி மட்டுமன்று, நிறுத்தத்தைப் பற்றியும் அதில் கேட்டிருந்தார்: வெள்ளையர் பகுதிகளில் தெருமுனைதோறும் நிற்கும் பேருந்து, கறுப்பர் வாழும் பகுதிகளிலும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று. இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடல் கடந்த ஓர் ஊரில் எங்கள் தெருவைப் பற்றி யாரோ எழுதியது போலிருந்தது.

"அங்கே கூட்டம் இல்லை, வசூல் வராது" என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று பார்த்துத்தான் தடத்தின் தகுதியை அளக்கிறார்கள். கணிதம் படிக்கிறவன் என்பதால் இதில் ஒரு பிழை எனக்குத் தெரிகிறது. பேருந்தில் ஏறியவர்களைத்தான் சீட்டுக் கணக்கு எண்ணுகிறது. நிறுத்தம் இல்லாததால் நடந்தே போகிறவர்கள், மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்ட முதியவர்கள், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண் பிள்ளைகள்: இவர்களுக்கு எந்தக் கணக்கில் இடம்? வாசலைப் பூட்டிவிட்டு யாரும் வரவில்லை என்பது போன்ற கணக்கு இது.

2021 முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. என் தாயார் கையில் அதனால் மாதந்தோறும் நாலு காசு மிஞ்சுகிறது. அதில்தான் என் தேர்வுக் கட்டணம். இத்திட்டத்தைக் குறைகூறும் நண்பர்களோடு விடுதியில் நான் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனாலும் கட்டணம் இல்லாத பேருந்து, நிற்கவும் வேண்டுமல்லவா? சீட்டில் கிடைத்த சலுகையைத் திட்டமிடுகிற மேசையிலும் கேட்கிறோம்; தடம் போடும்போது எந்தத் தெரு விட்டுப்போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்கிறோம்.

"எல்லாத் தெருவிலும் நின்றால் பேருந்து எப்போது தேனி போய்ச் சேரும்?" என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. ஒரு முறை நிற்க ஒரு நிமிடம் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடத்தைப் பேருந்தில் அமர்ந்திருப்பவர் தருவதா, முக்கால் கிலோமீட்டரைச் சுமையோடு என் தாயார் நடப்பதா? இரண்டில் எது பெரிதென்று அறிய கணிதப் பட்டம் வேண்டியதில்லை.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வெறும் மனுவாகக் கொடுக்காமல், காலை ஆறு முதல் ஒன்பது வரை காலனியிலிருந்து நிறுத்தத்திற்கு நடந்து போகிறவர்களை ஒரு வாரம் எண்ணி, அட்டவணையாக இணைக்க எண்ணம். அட்டவணை போடும் முறையைப் புள்ளியியல் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். எண்ணுவதற்குத் துணையாக இருவர் தேவை. விடியற்காலையில் எழ முடிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள். காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில்.