உதவியாளர்களா, உடன் உழைப்பாளர்களா?

புனித பவுல் கொரிந்து நகருக்குச் சென்றபோது, தம் இல்லத்தில் அவருக்கு இடமளித்தவர்கள் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர். கூடாரம் செய்வது அவர்களுடைய தொழில். பவுலின் தொழிலும் அதுவே. அவருடன் சேர்ந்து உழைத்த இத்தம்பதியர், பின்னர் எபேசு நகரில், மறைநூலில் வல்லவரான அப்பொல்லோவை அழைத்துக் கடவுளின் நெறியை இன்னும் திருத்தமாக விளக்கினர் (தி.ப. 18). உரோமையருக்கு எழுதிய திருமடலின் இறுதியில் பவுல் இவர்களைத் தம் உடன் உழைப்பாளர்கள் என்றே வாழ்த்துகின்றார். உதவியாளர்கள் என்றோ உபகாரிகள் என்றோ அவர் கூறவில்லை.

இன்று நம் பங்குகளில் துறவற சபைகளுக்கும் பொதுநிலையினருக்கும் இடையே உள்ள உறவு இத்தகையதா? திருவிழாவுக்குக் கொடி கட்டவும், மண்டபத்தை ஒழுங்கு செய்யவும், பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் செல்லவும் பொதுநிலையினரை அழைக்கின்றோம். எதைச் செய்வது, ஏன் செய்வது என்று தீர்மானிக்கும் வேளையில் அவர்களை மறந்து விடுகின்றோம். மறுபுறம், பொதுநிலையினரும் செபத்தைக் கன்னியர் மடத்திடமும் பிள்ளைகளின் மறைக்கல்வியை அருட்சகோதரிகளிடமும் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கின்றனர். தூய வாழ்வு துறவிகளுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணமே இவ்விரண்டுக்கும் வேர். திருமுழுக்குப் பெற்ற அனைவரும் தூய்மைக்கு அழைக்கப்பட்டுள்ளனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டிலேயே தெளிவாகக் கற்பித்தது.

நம் மண்ணின் வரலாறும் இதையே சொல்கின்றது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க குருக்களுக்கு இங்கு இடமில்லாமற் போயிற்று. 1687இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், விசுவாசத்தைக் காத்தவர்கள் குடும்பத்தவர்களே. பின்னர் கோவாவிலிருந்து வந்த ஒறற்றோரியன் குருக்கள் மிகச் சிலர். அவர்கள் செல்ல வேண்டிய ஊர்களோ பல. குருவானவர் அடுத்த முறை வரும்வரை மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தவர்களும், சிறுவருக்கு மறையுண்மைகளைக் கற்பித்தவர்களும் அண்ணாவிமாரும் மூப்பருமே. அத்துறவிகளின் செப வாழ்வும் மறைபணி ஆர்வமும் அவர்களுடைய வாழ்விலும் வேரூன்றியிருந்தன. நம் முன்னோர் விசுவாசத்தைப் பெற்றது இந்தக் கூட்டுப் பணியினாலேயே.

ஆகவே பங்காளித்துவம் என்பது துறவிகளின் எண்ணிக்கை குறைந்ததால் பிறந்த தற்காலிக ஏற்பாடு அன்று. இதற்கு மற்றுமொரு சான்று பரிஸ் நகரில் உண்டு. 1833இல் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவர், தம் நண்பர் சிலருடன் ஏழைகளுக்குப் பணிபுரிய முன்வந்தார். ஆர்வம் இருந்தது, வழி தெரியவில்லை. முஃப்தார் பகுதியின் வறியோரிடையே நெடுங்காலம் உழைத்து வந்த ரொசாலி ரெந்து என்னும் அருட்சகோதரியை அவர்கள் நாடினர். அவர் அந்த இளைஞர்களிடம் பொதி சுமக்கும் வேலையை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. எந்தக் குடும்பங்களைச் சந்திப்பது, ஏழையின் மாண்பு குன்றாமல் எவ்வாறு உதவுவது என்று கற்பித்தார். புனித வின்சென்ட் டி போலின் உள்ளத்தையே அவர்களுக்குக் கையளித்தார். ஆனால் அவர்கள் தொடங்கிய சபையைத் தமது மடத்தின் கிளையாக்கிக் கொள்ளவில்லை. இன்று நம் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் டி போல் சபை அவ்வாறு வளர்ந்ததே. ஓசானாம் துறவியாகவில்லை, கணவராகவும் தந்தையாகவும் பேராசிரியராகவும் வாழ்ந்தே 1997இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். ரொசாலி 2003இல் அப்பேற்றைப் பெற்றார்.

துறவற வாழ்வு பற்றி 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரை, ஒரு சபையின் தனிவரத்தைப் பொதுநிலையினரும் பகிர்ந்துகொள்ள முடியும் என்று கூறுகின்றது. பகிர்வது தனிவரம் என்றால், வேலையைப் பகிர்வது மட்டும் போதாது. அச்சபையின் நிறுவுநர் நற்செய்தியை எவ்வாறு வாசித்தார், யாருக்காக உருகினார் என்பதைப் பொதுநிலையினர் கற்க வேண்டும். துறவிகளோடு அமர்ந்து செபிக்கவும், பணியைத் திட்டமிடுகையில் கருத்துரைக்கவும் அவர்களுக்கு இடம் வேண்டும். இது துறவிகளுக்கும் நன்மையே. வாடகை, கடன், பிள்ளைகளின் படிப்பு, முதிய பெற்றோரின் நோய் என்பவற்றிடையே நற்செய்தியை வாழ முயல்வோரிடமிருந்து மடங்கள் கற்க வேண்டியவை பல உள்ளன.

"எங்களுக்கு நேரம் எங்கே?" என்று குடும்பத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் பொதுநிலையினர் அரைத் துறவிகளாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தனித்து வாழும் அயலவரைச் சந்திப்பதும், அலுவலகத்தில் கையூட்டை மறுப்பதும், இரவு உணவுக்கு முன் பிள்ளைகளோடு ஒரு நற்செய்திப் பகுதியை வாசிப்பதும் மறைபணியே.

அருட்சகோதரிகள் வேறிடம் மாற்றப்பட்டதும் அவர்கள் நடத்திய இல்லச் சந்திப்புகள் ஓய்ந்துபோவதும், முதியோரும் விதவைகளும் வாசலைப் பார்த்துக் காத்திருப்பதும் நாம் காணாத காட்சியல்ல. அங்கே வேலை பகிரப்பட்டது, உள்ளம் பகிரப்படவில்லை. உங்கள் ஊரில் ஒரு துறவற இல்லம் இருக்குமாயின், இவ்வாரம் அதன் கதவைத் தட்டுங்கள். நன்கொடையோடு திரும்பிவிடாமல், "உங்கள் நிறுவுநரைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள், உங்களோடு செபிக்க எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். கதவைத் திறப்பவர்களும் அவர்களை வரவேற்பறையோடு நிறுத்திவிடாது, சிற்றாலயத்துக்கும் ஆலோசனை மேசைக்கும் அழைத்துச் செல்வார்களாக.