கல்கி இரண்டாம் பாகத்தில் மடையைத் திறக்கப்போவது யார்?

நாக் அஸ்வின் இயக்கிய ‘கல்கி 2898 ஏடி’ 2024 ஜூன் 27 அன்று திரைக்கு வந்தது. இரண்டாம் பாகத்தைப் பற்றி அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. முதல் பாகத்தில் சில நிமிடங்களே தலைகாட்டிய கமல்ஹாசனுக்கு இந்த முறையாவது முழு வேலை இருக்குமா? தீபிகா படுகோன் இனி இந்தப் படத்தில் இல்லை என்று 2025 செப்டம்பரில் வைஜெயந்தி மூவிஸ் அறிவித்துவிட்ட பிறகு, அவர் நடித்த சுமதியின் கதை என்ன ஆகும்? பிரபாஸின் பைரவாதான் கர்ணன் என்று தெரிந்துவிட்டதே, அமிதாப் பச்சனின் அஸ்வத்தாமனுக்கு அவன் துணையா, பகையா? ரசிகர்களின் ஆசையும் கவலையும் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே வருகின்றன. மூன்றுமே நியாயமானவைதான். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த பூமியில், எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களிலிருந்து இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் நான்காவதாக ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்கும் உரிமையும் அவர்களுக்குத்தான் அதிகம். அந்தக் கதையில் களவு போன தண்ணீர் திரும்பி வருமா, வந்தால் அது யார் கைக்குப் போகும்?

முதல் பாகம் கட்டியெழுப்பிய உலகத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். பூமியில் மிஞ்சியிருக்கும் கடைசி நகரம் காசி. கங்கை வறண்டு கிடக்கிறது. நகரத்துக்கு மேலே தலைகீழ்க் கோபுரமாகக் காம்ப்ளெக்ஸ் தொங்குகிறது. கீழே புழுதியும் பழைய இரும்பும் பசியும்; மேலே மரம், செடி, கடற்கரை என்று எல்லாம் உண்டு. மேலே போய் வாழ வேண்டுமானால் பத்து லட்சம் யூனிட் சேர்க்க வேண்டும். பைரவா அந்தப் பத்து லட்சத்துக்காகத்தான் எந்த வேலைக்கும் துணிகிறான். படத்தில் சண்டை வரும், பறக்கும் வண்டிகள் வரும், பேசும் கார் புஜ்ஜி வரும். ஆனால் அத்தனைக்கும் அடியில் இருக்கும் ஏற்பாடு ஒன்றுதான். எல்லோருக்கும் பொதுவாக இருந்ததை ஒரு சிலர் மேலே இழுத்துக்கொண்டார்கள். இழந்தவர்கள் அதை விலைக்கு வாங்கக் காசு சேர்க்கிறார்கள். வேற்றுக்கிரகவாசியும் எந்திரப் படையும் இல்லாமலே ஓர் எதிர்காலத்தை நம்ப வைத்தது இந்த ஏற்பாடுதான். முதல் பாகத்தின் உண்மையான பலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

தென்மாவட்டத்து வறண்ட பகுதிக்கு இது 2898ஆம் ஆண்டின் கதை அல்ல. இங்கே ‘நல்ல தண்ணி’ என்றால் குடிக்கிற தண்ணீர். மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர், புழங்குகிற தண்ணீர். அந்த நல்ல தண்ணீரை வண்டியில் வரும்போது குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பிடிப்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. குண்டாற்றில் மழைக்காலத்தில் ஓடினால் உண்டு. பருத்தியும் கம்பும் மிளகாயும் மல்லியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. அருப்புக்கோட்டை நகரமே குடிநீருக்குப் பக்கத்து மாவட்டத்துத் தாமிரபரணியை நம்பியிருக்கிறது. காவிரியின் உபரி நீரை மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய் வழியாகக் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த மண்ணைப் பொறுத்தவரை மிகப் பெரிய எதிர்காலக் கனவு அதுதான். எனவே வறண்ட கங்கையைத் திரையில் பார்க்கும்போது, அது கிராபிக்ஸில் எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது என்பதோடு இங்கிருக்கும் பார்வையாளரின் மதிப்பீடு நின்றுவிடாது.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் கேள்வியைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. ஷங்கரின் ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வந்தது. எந்திர மனிதன் சிட்டி ஆயிரமாகப் பெருகிப் பந்தாகவும் பாம்பாகவும் உருமாறிய கடைசிக் காட்சிகளைத்தான் எல்லோரும் சிலாகித்தார்கள். ஆனால் படம் மனதில் தங்கியதற்குக் காரணம் அதற்கடுத்த சில நிமிடங்கள். நீதிமன்றம் பிரித்துப்போடச் சொல்லிவிட்டது. சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தபடி விடைபெறுகிறது. பிறகு 2030இல் ஓர் அருங்காட்சியகத்தில் வெறும் காட்சிப் பொருளாக நின்று, ஒரு பள்ளிச் சிறுமியின் கேள்விக்கு, சிந்திக்கத் தொடங்கியதே தன் குற்றம் என்று பதில் சொல்கிறது. சிந்திக்கும் கருவியை மனிதன் என்ன செய்யப் போகிறான் என்ற அந்தக் கேள்விதான் அடுத்த பாகத்துக்குக் கிடைத்த மூலதனம். எட்டு ஆண்டுகள் கழித்து, வெளியீட்டுத் தேதி பலமுறை தள்ளிப்போய், 2018 நவம்பர் 29 அன்று வந்த ‘2.0’ அந்த மூலதனத்தைத் தொடவே இல்லை. பறவைகளின் அழிவுக்கும் செல்பேசிக் கதிர்வீச்சுக்கும் முடிச்சுப் போட்டு வேறொரு கதையை எடுத்துக்கொண்டது. அந்த முடிச்சு அறிவியலில் நிறுவப்பட்ட ஒன்றல்ல. செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியம் வரை போய்ப் புகார் கொடுத்தது. அக்‌ஷய் குமாரின் பட்சிராஜன் மீது இரக்கம் வந்ததே தவிர, சிட்டி மீண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டது சண்டை போடுவதற்காக மட்டும்தான். 2.0 முப்பரிமாணத்தில் படமாக்கப்பட்டது. காட்சிகள் முன்னைவிடப் பெரியவை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஊரே பேசும் இந்நாளில் மக்கள் எடுத்துக்காட்டுவது என்னவோ 2010இன் சிட்டியைத்தான்.

இந்த வேறுபாட்டுக்கு வெளிப்படையான காரணம் ஒன்று உண்டு. எந்திரனின் எழுத்தில் சுஜாதாவின் பங்கு இருந்தது. படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்துவிட்டார். ‘2.0’வுக்கு வசனத்தில் துணைநின்ற ஜெயமோகன் எளிய எழுத்தாளர் அல்ல. ஆகவே ஆள் மாறியதால் தரம் குறைந்தது என்று சொல்வது சரியாகாது. கேள்வியை மாற்றியதுதான் பிசகு. தொடர்ச்சியை எப்படி எழுத வேண்டும் என்பதைச் சுஜாதா தன் தொடர்கதைகளிலேயே காட்டியிருந்தார். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, யார் எத்தனை வயது வரை வாழலாம் என்பதைக்கூட அரசு முடிவு செய்கிறது. கதையின் முடிவில் அந்த ஆட்சி கவிழ்கிறது. சராசரி எழுத்தாளர் என்றால் அடுத்த பாகத்துக்கு இன்னும் பெரிய சர்வாதிகாரி ஒருவனைக் கொண்டுவந்திருப்பார். ‘மீண்டும் ஜீனோ’வில் சுஜாதா செய்தது வேறு. கவிழ்த்தவர்களான ரவியும் மனோவும் நிலா என்ற பெண்ணை ராணியாக உட்கார வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் தாங்களே ஆட்சியை நடத்துகிறார்கள். கொடுங்கோலன் போய்விட்டான், கொடுங்கோன்மை போயிற்றா என்று அந்த இரண்டாம் பாகம் கேட்டது. இயந்திர நாய் ஜீனோவும் முதல் பாகத்தில் கற்றதை மறந்துவிடாமல் மேலும் வளர்ந்தது. தமிழ் அறிவியல் புனைவில் இரண்டாம் பாகத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

கல்கியின் அடுத்த பாகத்துக்கு நேராகப் பொருந்துவதும் இந்த முன்மாதிரிதான். முதல் பாகத்தின் முடிவில், சுமதியின் கருவிலிருந்து எடுத்த சாரத்தின் ஒரு துளியால் கமலின் யாஸ்கின் வலிமை பெற்றுக் காண்டீபத்தைத் தூக்குகிறான். அடுத்து என்ன வரும் என்பதை ஊகிக்க ஜோதிடம் தேவையில்லை. கர்ணனும் அஸ்வத்தாமனும் எப்படியோ ஒன்று சேர்வார்கள், போர் மூளும், காம்ப்ளெக்ஸ் சரியும். காம்ப்ளெக்ஸ் சரிந்த மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்பதே எனக்கு முக்கியம். கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்மாய் நிறைவது பாதிக் கதைதான். மடையைத் திறப்பது யார், முதல் மடைக்கு எத்தனை நாள், கடைமடைக்கு எப்போது, கரையைப் பராமரிக்கும் முறை யாருடையது என்பதில்தான் மீதிக் கதையும் மொத்தச் சண்டையும் இருக்கின்றன. இதற்காகவே ஊர்கள் நீர்பாய்ச்சி என்று ஆள் வைத்தன, முறை வகுத்தன, முறை தவறியபோது பஞ்சாயத்துக் கூட்டின. வானத்திலிருந்து நீரை இறக்கிவிட்டுச் ‘சுபம்’ போடும் படம், தான் தொடங்கிய கேள்வியைப் பாதியில் விட்ட படமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இது அவதாரக் கதை. அவதாரம் வந்தால் அதர்மம் அழியும், அத்துடன் கதை முடியும். அதில் போய் நீர் மேலாண்மையைத் தேடலாமா? புராணம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை என்பதே என் பதில். மகாபாரதத்தில் குருட்சேத்திரம் முடிந்த பிறகும் கதை தொடர்கிறது. வென்றவன் அரியணையில் மகிழ்ச்சியாக உட்காரவில்லை. போரின் கணக்கு அவனை விடாமல் துரத்துகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த நுட்பம் புரியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964இல் வந்த படம். அதைச் செப்பனிட்டு 2012இல் மீண்டும் வெளியிட்டபோது புதுப்படத்தைப் போலக் கூட்டம் வந்தது. தோற்ற பக்கம் நின்றவனுக்காகக் கண்ணீர் விடத் தெரிந்த ரசிகருக்கு, வெற்றிக்குப் பிறகான சிக்கலைக் காட்டினால் புரியாமலா போகும்?

இன்னொரு மறுப்பு வணிகம் சார்ந்தது. ஆயிரம் கோடிக்கு மேல் வசூலானதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்த படத்தின் தொடர்ச்சிக்கு நட்சத்திரமும் பிரம்மாண்டமும்தானே வேண்டும், கேள்வியை யார் பார்க்கிறார்கள் என்பார்கள். வசூலே இதற்குப் பதில் சொல்லும். 2015இல் வந்த ‘பாகுபலி’யையும் 2017இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தையும் இணைத்தது பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்ற ஒற்றைக் கேள்வி. இரண்டாம் பாகம் அதற்கு ஒளிக்காமல் விடை சொன்னது. முதல் பாகத்தைவிட அதிகம் ஈட்டியது. வெளிநாட்டிலும் இதுதான் கதை. தண்ணீரில்லாப் பாலைக் கோளைப் பற்றிய ‘டியூன்’ 2021இல் வந்தது. 2024இல் வந்த அதன் இரண்டாம் பாகமும் தண்ணீரை மறக்கவில்லை. இறந்தவர் உடலிலிருந்து நீரைப் பிரித்துச் சேமிக்கும் மக்களின் வழக்கமும், அவர்கள் நம்பிய இரட்சகனே ஆபத்தாக மாறுவதும் அதன் மையம். பெரிய திரை, பெரிய வசூல், பெரிய கேள்வி மூன்றும் ஒரே படத்தில் இருக்க முடியும். சிறிய படத்திலும் முடியும். ஆர். ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’ 2015இல் பெரிய பிரம்மாண்டம் எதுவும் இல்லாமல் ஒரு கால இயந்திரத்தைக் காட்டி ஜெயித்தது. கையில் அப்படியொரு கருவி கிடைத்தால் நம்மூர் இளைஞர்கள் முதலில் பிழைப்புக்குத்தான் வழி தேடுவார்கள் என்ற கூர்மையே அதன் முதலீடு.

படைப்பாளிக்கு ரசிகன் பாடம் எடுக்கலாமா என்ற கடைசி மறுப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இந்த நடிகையைப் போடு, இந்தப் பாத்திரத்தைக் கொல்லாதே என்று உத்தரவிடுவது ரசிகரின் வேலை அல்ல. தீபிகாவுக்குப் பதில் யார் வந்தாலும், பாத்திரம் உறுதியாக எழுதப்பட்டிருந்தால் பத்தாவது நிமிடத்தில் பழகிவிடும். ஆனால் ஒரு படம் தானாக முன்வந்து எழுப்பிய கேள்விக்குப் பதில் கேட்பது அதிகாரம் ஆகாது. டிக்கெட் எடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அந்த உரிமை உண்டு. முதல் காட்சிக்குப் போகிற ரசிகர்கள் கமல் எத்தனை நிமிடம் வந்தார் என்று எண்ணட்டும், தவறில்லை. காம்ப்ளெக்ஸ் விழுந்த பிறகு காசியின் மக்களுக்கு நீரைப் பங்கிட ஒரு முறையைப் படம் காட்டியதா, அல்லது யூனிட் வசூலிக்க வேறொரு முதலாளியை உட்கார வைத்துவிட்டு முடிந்ததா என்பதையும் கவனிக்கட்டும். படத்தின் வெற்றியைப் பற்றி எம்.ரெட்டியபட்டியின் ரசிகர் சொல்லும் தீர்ப்பு அதைப் பொறுத்து அமைந்தால், அது வசூல் கணக்கைவிட நேர்மையான தீர்ப்பாக இருக்கும்.