பூங்காவின் பெயரில் இல்லாதவர்கள்

பாரிஸ் நகரின் 11ஆம் வட்டாரத்தில் ‘ஃபோலி தித்தோன்’ என்ற சிறிய பொதுப் பூங்கா உள்ளது. பதினான்காம் லூயி மன்னனின் படைகளுக்கு ஆயுதம் வழங்கிச் செல்வம் குவித்த தித்தோன் என்பவர் அப்பகுதியில் கட்டிய மாளிகையின் பெயர் அது. அம்மாளிகை பின்னர் ரெவெயோன் என்ற முதலாளியின் சுவர்க்காகிதப் பட்டறையாயிற்று. 300க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே உழைத்தனர். 1783இல் மோன்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூன், கயிற்றில் கட்டப்பட்ட நிலையில், மனிதரைச் சுமந்து மேலெழுந்தது அதன் தோட்டத்திலிருந்துதான்.

1789 ஏப்ரலில் ரொட்டி விலை ஏறி மக்கள் பசியில் வாடியபோது, ரெவெயோன் கூலிக் குறைப்பை ஆதரித்துப் பேசினார் என்ற செய்தி பரவியது. சுற்றுவட்டார உழைப்பாளிகள் கொதித்தெழுந்தனர். ஏப்ரல் 28 அன்று மாளிகையும் பட்டறையும் சூறையாடப்பட்டன. படையினர் சுட்டனர். குறைந்தபட்சக் கணக்கின்படியே 25 பேர் மாண்டனர். பதினோரு வாரங்களில் பாஸ்டீல் சிறை வீழ்ந்தது. ஆயினும் பூங்காவின் பெயரில் நிலைத்திருப்பவர் ஆயுத வணிகரே, மாண்டவர்கள் அல்லர்.

நிழல் கிடைத்தால் போதாதா, பெயர் யாருடையதாயின் என்ன என்று சிலர் கேட்கலாம். உழைத்தவர்களை மறந்த நகரம் அவர்களுக்குரிய நிலத்தையும் எளிதில் கைவிட்டுவிடும் என்பதே அதற்கு விடை. மும்பை இதற்குச் சான்று.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் களமிறங்கினர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலம் மறுகட்டுமானத்துக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு பூங்கா போன்ற பொதுவெளிக்கும், மற்றொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என 1991ஆம் ஆண்டு விதி கூறியது. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடமில்லாத காலியிடத்துக்கு மட்டுமே அப்பங்கீடு பொருந்தும் என்றாயிற்று. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. குழந்தைகள் விளையாடியிருக்க வேண்டிய நிலத்தில் வணிக வளாகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் எழுந்தன.

பாரிஸில் பூங்கா கிடைத்தது, நினைவு கிடைக்கவில்லை. மும்பையிலோ பூங்காவே பறிபோயிற்று. நெசவுக்கூடமோ, ஓட்டுத் தொழிற்சாலையோ, பாத்திரப் பட்டறையோ மூடப்படும் ஊர்தோறும் தொழிலாளர் இயக்கம் இரண்டையும் சேர்த்தே கோர வேண்டும். நிலத்தில் பொதுமக்களுக்கு உரிய பங்கு முதற்கோரிக்கை. அங்கு உழைத்தோரின் வரலாற்றைச் சொல்லும் பெயரும் கல்வெட்டும் அடுத்தது. இதற்கான தீர்மானம் நகராட்சி மன்றத்தில் நிறைவேற வேண்டியது, நிலம் கைமாறுவதற்கு முன்பு.