வாயிற்காவலர் யார்?

பிள்ளைகளின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டத்தக்கது எது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அரசாங்கமா, ஆசிரியரா, வாணிபக் கம்பனிகளா, பெற்றோரா? இவ்வினாவுக்கு விடை தேடுமுன்னரே நம்மவருட் பலர் பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டனர்.

இந்நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் உறங்கியிருக்கவில்லை. பொது அரங்காட்சிகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1912 இல் வந்தது. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் தீங்கு பயக்கும் வெளியீடுகளைத் தடுக்கும் 48 ஆம் இலக்கச் சட்டம் 1956 இல் நிறைவேறியது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. படத்துக்கு ஒரு மாளிகை இருந்தது. மாளிகைக்கு ஒரு வாயில் இருந்தது. நூலுக்கு அச்சிட்டவன் இருந்தான், விற்றவன் இருந்தான். சட்டம் சென்று பற்றத்தக்க ஆள் ஒருவன் எங்கோ நின்றான்.

இன்று அவ்வாயில் எங்கே? 2020 இற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்துக்கென்று வீட்டினுள் வந்த கருவி, பாடசாலை திறந்த பின்னரும் பிள்ளையின் கையை விட்டகலவில்லை. டிக்டொக்கும் பேஸ்புக்கும் கணக்குத் தொடங்குவதற்கு 13 வயது வேண்டுமெனத் தாமே விதித்துள்ளன. ஆயினும், பிறந்த ஆண்டை மாற்றி எழுத ஒரு நொடி போதும். ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே வந்து நிற்கும். அதனைத் தெரிந்தெடுப்பது பிள்ளையுமன்று, பெற்றோருமன்று. பார்க்கும் நேரம் நீள விளம்பர வருவாய் பெருகும் எனக் கணக்கிட்டு அமைக்கப்பட்ட பொறியே தெரிந்தெடுக்கின்றது. மடையைத் திறந்துவிட்டு உறங்கச் செல்லும் கமக்காரன் உண்டோ?

“அரசாங்கம் தடைசெய்யட்டும்” என்பர் சிலர். அவுஸ்திரேலியா 2024 இற் சட்டமியற்றி, 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. பொறுப்பைக் கம்பனிகள்மீது சுமத்தியது, அது நியாயமே. எனினும், தகப்பனின் தொலைபேசியைப் பிள்ளை இரவிற் பார்ப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 17 ஆம் உறுப்புரை, ஊடகங்களின் வாயிலாக அறிவு பெறும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகின்றது. தீயவற்றிலிருந்து காக்கும் நெறிகளையும் வேண்டுகின்றது. அவ்விடத்தே 18 ஆம் உறுப்புரையை நினைவிற் கொள்ளுமாறும் கூறுகின்றது. அவ்வுறுப்புரை சொல்வதென்ன? பிள்ளை வளர்ப்பின் முதற்பொறுப்பு பெற்றோருக்கே உரியது என்பதாம். ஆகவே, கருவியைப் பறித்து ஒளித்துவைப்பதும் கடமையன்று. கொடுத்துவிட்டுக் கைகழுவுவதும் கடமையன்று. வழிகாட்டலே கடமை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கூத்தில் வாளும் வஞ்சனையும் கொலையும் நிறைந்திருந்தன. ஆனாற் பாயிலமர்ந்து விடியும்வரை பார்த்த சிறுவனுக்கருகே பாட்டனும் அமர்ந்திருந்தார். “அவன் ஏன் கொன்றான்?” என்று கேட்டவனுக்கு விடை கூற ஒருவர் இருந்தார். இன்று தனியறையில் தனித்திருந்து பார்க்கும் பிள்ளை யாரிடம் கேட்கும்?

செய்யவேண்டியவை அரியனவல்ல. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தின் மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. திரை காட்டிச் சோறூட்டும் வழக்கத்தை முதலில் விடுவோம். வளர்ந்த பிள்ளையோடு அருகமர்ந்து பார்ப்போம். பார்த்ததைப் பற்றிப் பேசுவோம். உறங்கும் வேளையிற் கருவி பெற்றோரின் அறையிலேயே இருக்கட்டும். ஊர் வாசிகசாலைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பிள்ளையை நாமே அழைத்துச் செல்வோம்.

வேலையாற் களைத்தோம், நேரமில்லை என்று சட்டத்தரணியும் கூறலாம், வைத்தியரும் கூறலாம், வயலிலிருந்து இருட்டிய பின் திரும்புபவரும் கூறலாம். களைப்பு மெய்யே. ஆனால், அந்நேரத்தில் நமது கையிலிருப்பது என்ன? தந்தையும் தாயும் ஆளுக்கொரு திரையில் மூழ்கியிருக்கும் வீட்டிற் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி எடுபடுமா? முதலில் நமது தொலைபேசியை மேசைமேல் வைப்போம். அதன்பின் பிள்ளையிடம் பேசும் தகுதி நமக்கு வரும்.