கோபம் என்று ஒரு படம்

அமெரிக்கா போய் வந்த நண்பர் ஒருவர், தாம் எடுத்த படத்தைக் காட்டினார். கனடா வாத்து ஒன்று கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, சிறகை விரித்துச் சீறிக்கொண்டு வருகிறது. "என்ன கோபம் பார்த்தீர்களா, ஸார்!" என்றார். வியந்தேன், மறுகணம் வெட்கப்பட்டேன்.

அது யார்மேல் சீறுகிறது? காமிராவும் கையுமாக வந்த இவர்மேல்தானே! பின்னால் கூட்டில் ஐந்தாறு முட்டைகள். ஏறக்குறைய 28 நாள், சரியான இரைகூட இல்லாமல் பேடை அடைகாக்கும். ஆண் காவல் நிற்கும். பறந்து தப்பத் தெரிந்த பறவை, முட்டைகளை விட்டுப் பறக்க மாட்டாமல் நிற்கிறது. அதைக் கோபம் என்கிறார் இவர். பயம் என்பேன் நான். பேடையும் மிரண்டு எழுந்துவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும். அல்லது காக்கைக்கு விருந்தாகும்.

வலசைப் பறவைகளின் முட்டையை அனுமதியின்றி எடுப்பது குற்றமென்று அந்த நாட்டில் 1918-லேயே சட்டம் செய்தார்கள். காமிரா முட்டையைத் தொடுவதில்லை. ஆகவே அது கலையாகிவிடுகிறது!

"எட்ட நின்று எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"எட்ட நின்றால் கோபம் எப்படி ஸார் வரும்?"

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பிறர் கண்ணீரை எழுதிக் காசாக்கியதுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எழுதுவதற்காக எவரையும் போய் அழவைத்ததில்லை.

பாராட்டாமலே படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது நண்பர் முகத்தில் தெரிந்ததே, அதுதான் ஐயா கோபம்!