இறுக்கிப் பூட்டினால் நடுக்கம் நிற்குமா?

எமது விவசாயக் குடும்பங்கள் பலவற்றின் சீவியம் இன்று ஓர் எஞ்சினை நம்பியே ஓடுகிறது. 1990இல் ஊர்கள் கலைந்தபோதும், 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், விட்டுவந்த வீட்டோடு உழவு மாடுகளும் போயின. திரும்பி வந்தவர்களுக்குப் பட்டிகள் திரும்பிக் கிடைக்கவில்லை. மாடும் கலப்பையும் இருந்த இடத்தில் உழவு இயந்திரமும், வண்டில் நின்ற இடத்தில் சிறிய லொறியும் வந்து நின்றன. ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டிப் பொலன்னறுவைக்கும், வாகரை வழியே திருகோணமலைக்கும் போகும் வீதிகளில் மரக்கறியும் நெல்லும் மீனும் ஏற்றிச் செல்லும் பட்டா வாகனங்களைப் பாருங்கள். அவற்றில் பல, ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து.

இந்த வாகனங்களுக்கு வயது ஏறிவிட்டது. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி விழுந்தது. புதியது வாங்க வழியில்லாதவர்கள் பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அப்படித் திருத்தும்போது எழும் ஒரு கேள்வியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். கேள்வி சிறியது. ஆனால் அதற்குப் பிழையான பதிலைத் தெரிவுசெய்தால் காசும் போகும், உடம்பும் போகும்.

வாகனம் ஸ்டார்ட்டில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, இருக்கை அதிர்கிறது, கதவு கடகடக்கிறது. கராஜில் காட்டினால், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் றப்பர் போய்விட்டது என்கிறார்கள். அடுத்துக் கேட்பார்கள்: “கம்பனி றப்பர் போடுவதா, அல்லது கட்டியானது போடுவதா? கட்டியானது என்றால் ஆயுசுக்கும் போதும்.” கட்டியானது என்பது சில வேளை பொலியூரத்தேன். சில வேளை கடினமான றப்பரில் வார்த்த மாற்றுப் பொருள். சில வேளை பழைய டயரில் வெட்டிய துண்டு. ஆடுகிற பொருளை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தோன்றும் நியாயம். ஆகவே பலர் கட்டியானதையே போடச் சொல்கிறார்கள்.

அந்த நியாயம் இங்கே செல்லாது என்பதே எமது கருத்து.

தலையில் சுமை தூக்கும் எமது பெண்கள் சும்மாடு வைக்கிறார்கள். சுமை ஆடக்கூடாது என்பதற்காகத் துணிச் சும்மாட்டுக்குப் பதிலாக யாரும் பலகைத் துண்டு வைப்பதில்லை. பலகை வைத்தால் குடம் அசையாது. ஆனால் நடையின் ஒவ்வொரு அதிர்வும் நேரே கழுத்துக்கு இறங்கும். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் றப்பரும் ஒரு சும்மாடுதான். அதன் வேலை இரண்டு: பாரத்தைத் தாங்குவது, அதிர்வைத் தன்னோடு வைத்துக்கொள்வது. கட்டியான மவுண்ட் முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவதைக் கைவிட்டுவிடும்.

இதைக் கணக்காகவும் காட்டலாம். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 900 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, அதாவது செக்கனுக்கு 15 அடி. அந்த எஞ்சின் தன் மெதுவான றப்பர்களின் மேல் தானாக ஆடும் வேகம் செக்கனுக்கு 8 தடவை என்று கொள்வோம். அப்போது நூறு பங்கு அதிர்வில் ஏறத்தாழ 40 பங்குதான் வாகனத்தின் செசிக்குப் போகும். இப்போது இரு மடங்கு கடினமான றப்பரைப் போடுங்கள். தானாக ஆடும் வேகம் 11க்கு மேல் ஏறும். செசிக்குப் போவது 130 பங்கைத் தாண்டும். நான்கு மடங்கு கடினமானதைப் போட்டால் ஆடும் வேகம் 16 ஆகி, எஞ்சினின் 15 அடியோடு ஏறக்குறையப் பொருந்திவிடும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றபடி தள்ளுவதுபோல அதிர்வு பெருகும். றப்பர் தானே உறிஞ்சுவதைச் சேர்க்காத எளிய கணக்கு இது. ஆயினும் திசை சரியானது. எஞ்சின் அசைவது குறையும், ஓட்டுபவர் அதிர்வது கூடும்.

ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினை இரும்புச் சட்டத்தோடு நேரே பூட்டினார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் தாங்கமுடியாதிருந்தது. 1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி தனது பிளிமத் காரில் எஞ்சினை றப்பரின் மேல் மிதப்பதுபோல அமைத்தது. அடுத்த ஆண்டு பிரான்சின் சிட்ரோயன் அதே முறையை எடுத்து, நீரில் மிதக்கும் அன்னத்தை அதற்கு அடையாளமாக வைத்தது. ஆகவே கம்பனி றப்பர் மெதுவாக இருப்பது மலிவுக்காகச் செய்த குறை அல்ல, கணக்குப் பார்த்துச் செய்த தெரிவு.

கட்டியான மவுண்டுக்கு நியாயமே இல்லையா? உண்டு. பந்தயக் கார்களில் எஞ்சின் சற்றும் அசையக்கூடாது. ஓட்டுபவர் நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்வார், ஓட்டமும் குறுகியது. பொலியூரத்தேன் எண்ணெய்க்கு எளிதில் ஊதாது, நீண்ட நாள் உழைக்கும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் விடியற்காலையில் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போய், பின்னேரம் வீடு திரும்பும் மனிதருக்கு இவற்றால் என்ன பயன்?

நடுக்கம் எங்கும் மறைந்துபோவதில்லை. றப்பர் வாங்காவிட்டால் வேறொன்று வாங்கும். றேடியேற்றரின் பொருத்துகள் வாங்கும், சைலன்சர் குழாய் வாங்கும், வயர்கள் வாங்கும். அவற்றில் வெடிப்பு விழும், உரசல் வரும், நட்டுக்கள் கழரும். மிச்சத்தை மனித உடம்பு வாங்கும். முதுகுக்கு வரும் பெரிய அடி வீதிக் குழிகளிலிருந்தே வருகிறது என்பதை மறுக்கவில்லை. எனினும் அதற்கு மேலே மணிக்கணக்கான நடுக்கமும் சேரும்போது கை மரக்கிறது, களைப்பு முந்துகிறது. களைத்தவர் இரவில் வாகனம் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கென்றே சட்டவிதி செய்தது. 8 மணி நேர வேலைநாளில் உடம்புக்கு வரும் அதிர்வு 0.5 என்ற அளவைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15ஐத் தாண்டவே கூடாது. எமது சிறு விவசாயிக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. அவருக்காகப் பேச வேறு யாரும் இல்லை.

இங்குதான் எமது கரிசனை இருக்கிறது. எல்லாம் இழந்து வந்த குடும்பத்திடம் எஞ்சிய ஒரே மூலதனம் உழைக்கிற உடம்பு. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் எழுதிய சுற்றுமடலில், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று போதித்தார். அப்போதனை ஆலைகளுக்கு மட்டும் உரியதல்ல, ஒரு றப்பர் துண்டு வாங்கும் தீர்மானத்துக்கும் உரியது. வாகனம் நீடிக்க மனிதர் தேய்வது சிக்கனம் ஆகாது.

எனவே சில நடைமுறை ஆலோசனைகளைச் சொல்கிறோம்.

முதலில், குற்றம் றப்பரில்தானா என்று பாருங்கள். இன்ஜெக்டர் பழுதாகி ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் வாகனம் நடுங்கும். றப்பரில் வெடிப்பு இருக்கிறதா, இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா, எண்ணெய் பட்டு ஊதியிருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஒழுகினால் ஒழுக்கை அடைத்த பிறகே புது றப்பர் போடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் சீக்கிரம் கெடும்.

இரண்டாவது, ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியதும் நைந்ததும் சேர்ந்தால் பாரம் ஒருபக்கம் சாயும். கூடுமானால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். எஞ்சினின் முழுப் பாரமும் றப்பரில் அமர்ந்த பின்னரே கடைசி இறுக்கம் இறுக்கச் சொல்லுங்கள். முறுகியபடி இறுக்கிய றப்பர் விரைவில் கிழியும்.

மூன்றாவது, கம்பனிப் பொருளின் விலை எட்டாவிட்டால், அதே மெதுமையில் செய்த மாற்றுப் பொருளைத் தேடுங்கள். பழையதில் கெடாத பகுதியையும் புதியதையும் பெருவிரலால் அமுக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். புதியது கல்லுப்போல இருந்தால் வேண்டாம். டயர்த் துண்டு எக்காரணத்துக்கும் வேண்டாம். உள்ளே நூற்படைகள் இருப்பதால் அது மவுண்ட் றப்பரைப்போல நசிந்து மீளாது.

நான்காவது, எல்லா இயந்திரத்துக்கும் இந்தப் பேச்சுப் பொருந்தாது. மசி பெர்கியூசன் போன்ற நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் எஞ்சினும் கியர்பெட்டியும் நேரே பூட்டப்பட்டு, அதுவே வண்டியின் முதுகெலும்பாக நிற்கிறது. அங்கே நல்ல இருக்கைதான் மருந்து. இரண்டு சில்லு இயந்திரத்திலும் எஞ்சின் சட்டத்தோடு நேரே பூட்டப்பட்டது. அதற்குக் கீழே றப்பர் செருகினால் பெல்ட்டின் நேர் கெட்டுவிடும். பூட்டிய நட்டுக்களை இறுக்கமாக வைத்து, கைபிடிக்கு நல்ல றப்பர் உறை போட்டு, இடைக்கிடை ஆறி ஆறி உழுவதே வழி.

இறுதியாக, எமது விவசாயச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. தனி ஒருவர் கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை, தருவதுதான் பொருள். ஒரே வகை வாகனம் வைத்திருக்கும் பத்துக் குடும்பங்கள், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், சேர்ந்து கேட்டால் நல்ல பொருளை நியாய விலைக்குப் பேசி எடுக்கலாம். சங்கங்களின் சுழற்சிக் கடனை விதைக்கும் பசளைக்கும் கொடுப்பதுபோல இத்தகைய திருத்த வேலைக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். கூட்டத்துக்கு வரும்போது, கழற்றிய பழைய றப்பர் ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். தொட்டுப் பார்த்துப் பேசலாம்.